நாலு சதவீதம்

ஏறும்போது மலை
இருபத்தெட்டு எடுத்துக்கொண்டது.
இறங்கும்போது நாலு திருப்பிக் கொடுத்தது.
செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடைக்கு
இது தேவலாம்
என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று உச்சியில் ஐந்து.
கோயம்புத்தூர்க் குடும்பத்தை ஒண்டிக்கடையில் இறக்கிவிட்டு
ஏசியை அணைத்து, பாட்டை அணைத்து,
மூச்சையும் கொஞ்சம் அணைத்துத் திரும்பினேன்.
இருபது கொண்டை ஊசி.
பிரேக்கைத் தொடாமல்
வண்டியின் எடையை வண்டியிடமே ஒப்படைத்தால்
பதினேழாவது வளைவில் ஒன்று ஏறும்.
அடுத்ததற்குப் பத்து வரை காத்திருக்க வேண்டும்.
சத்தம் போடாத வண்டியைக்
குரங்குகள் நம்புவதில்லை.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
கடந்து போன பிறகும் பார்க்கின்றன.

அடிவாரத்தில்
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
இரண்டு கன். ஒன்றில்
தேதித்தாளின் பின்பக்கத்தில் எழுதிய 'பழுது',
ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கியது.
ஈரத்தில் முன்பக்கத்து ராகுகாலமும்
தெரிந்தது.
மற்றதில் ஓசூர் வண்டி.

இங்கே யாரும் ஊர் கேட்பதில்லை, பேர் கேட்பதில்லை.
"எத்தனையில இருக்கீங்க?"
"ஒன்பது."
அந்தம்மா உதட்டைப் பிதுக்கினாள்.
அவளுக்கு அறுபத்தொன்று,
எண்பது வரை வேண்டுமாம்.
எண்பதுக்கு மேலே போனால்
கடைசிப் பந்திக்குப் பாயசம் ஊற்றுகிற கதைதான்
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்

கரண்ட் போனது.

பெட்டிக்குள்ளே இவ்வளவு நேரம்
ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது என்பது
நின்ற பிறகுதான் தெரிந்தது.
கன்னங்குறிச்சி வரை இருட்டு,
அதற்கப்பால் சேலம்
ஒன்றும் நடக்காதது போல மினுங்கியது.

அறையிலிருந்து தீர்த்தகிரி வந்தார்.
அறுபது கிலோவாட்டுக்குக் காவல்.
கையில் செத்த போன்.
சப்ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டும்,
கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.
அறையின் பிளக்கும் இதே லைன்தான்.
ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு
என் ஜன்னலருகே நின்றார்.
ஓசூர் வண்டி பத்தடி தள்ளித்தான் இருந்தது.
காக்கி போட்டவன் வண்டியில்
கேட்கச் சுலபமாக இருந்திருக்கும்.

கொடுத்தேன்.
ஒரு போனுக்கு ஒன்பது எட்டாகாது.
அது எனக்குத் தெரியும்.
ஆனாலும் அந்த எண்ணை விட்டுக்
கண்ணை எடுக்கவில்லை.

"மரம் விழுந்திருக்கு சார், பாத்துட்டிருக்காங்க."
அடுத்து கம்பெனி.
உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று
ஒரு பெண்குரல் இருட்டில் சொன்னது.
ஆறு நிமிடம் சொன்னது.
தீர்த்தகிரி ஒவ்வொரு முறையும்
"ஆமாங்க" என்றார்.

அந்த ஒன்பதில் நாலு மலையினுடையது.
அப்படியானால்
பதினேழாவது வளைவில் நான் விழுந்த விழுக்காடுதான்
இப்போது அந்த "ஆமாங்க".
மீதி ஐந்தைப் பற்றி எனக்குத் தெரியாது.
மேட்டூரில் விழுந்த தண்ணீரோ
எரிந்த நிலக்கரியோ,
கம்பியில் வந்தது எதுவும்
பேர் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஓசூரம்மா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து
பானெட்டின் மேல் வைத்தாள்.
மூன்று பேரும் தின்றோம்.
தோலை ஊதியபோது
ஈரக் கண்ணாடியில் போய் ஒட்டியது.
பேசிக்கொள்ளவில்லை.
அவசரமாக வந்தவர்கள்தாம் எல்லோரும்.
அவசரத்தைக் கொண்டுபோய் வைக்க
இடமில்லாமல் நின்றோம்.

வந்தது.
விசிறி இருமியது. பச்சை விளக்கு.
நான் இறங்குவதற்குள்
அவள் கன்னைக் கழற்றி நீட்டினாள்.
"பரவால்ல, நீங்க முடிங்க" என்றேன்.
"ஒன்பதை வச்சிக்கிட்டு மரியாதை பேசாதீங்க."
பிடியில் கடலை உப்பு.

மாட்டினேன். சொடக்கு கேட்டது.
பத்து. பதினொன்று.
தீர்த்தகிரி தன் ஒயரை
அழுக்குப் படாமல் சுருட்டிக்கொண்டே
என் திரையை எட்டிப் பார்த்தார்,
பிறகு தன்னுடையதை.

"எனக்கு இருபத்திரெண்டு" என்றார்.
அந்த நிலையத்திலேயே
அவர் ஒருவர்தான்
அப்போது சிரித்தார்.